எப்போதும் முயன்றார்

ப்ரேமர்ஹாஃபன் துறைமுகத்தில், மீன் குளிர்கிடங்கின்
இரண்டாம் மாடியில், ஆட்கள் போகும்போது
தாள்களைத் தயார் செய்பவள் நான்.
வருமானவரிச் சான்று. எடுத்த விடுப்பின் கணக்கு.
காப்பீட்டிலிருந்து பெயர் நீக்கிய படிவம்.
எல்லாம் எண்கள்; கை தானாக நிரப்பும்.

கடைசியாகப் பணிச்சான்று.
அதில்தான் மொழி.

உண்மையை எழுது என்கிறது சட்டம்.
அவன் பிழைப்பைக் கெடுக்காதே என்பதும் அதே சட்டம்.
இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு
ஒரு தேசமே வஞ்சப்புகழ்ச்சி பழகிவிட்டோம்.
“முழுமையிலும் முழுமையான மனநிறைவு” என்றால் நல்ல ஆள்.
வெறும் “மனநிறைவு” என்றால் சுமார்.
“கலகலப்பானவர்” என்றால் குடிப்பவர்.
“எப்போதும் முயன்றார்” என்றால்
ஒன்றும் முடியவில்லை.
இந்தக் கடைசி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்,
சொல்லிச் சிரிப்பார்கள்.

ஹின்னெர்க் ஓல்ட்மன்ஸ். வயது ஐம்பத்திரண்டு.
பதினான்கு மாத வேலை, இரண்டு எச்சரிக்கைக் கடிதம்.
கெம்னிட்ஸ் போகவேண்டிய பதினோரு பேலட் இறால்
கொலோன் போய் இறங்கியது, ஆகஸ்ட் வெயிலில்.
அதோடு சரி.

ஆனால் நான் பார்த்திருக்கிறேன்.
ஆறு மணி வேலைக்கு
ஐந்தேகாலுக்கே அவர் சைக்கிள் வந்து நிற்கும்.
மைனஸ் இருபத்துநாலு டிகிரியில்
கையுறையின் மேல் மார்க்கரால் வரிசை எண்களை எழுதி,
உதடு அசைய வாசித்தபடி
ரேக்குகளின் நடுவே நடப்பார்.
புது ஸ்கேனர் வந்தபோது அதன் கையேட்டை
வீட்டுக்கு வாங்கிப்போனார்.
திரும்பி வந்தது, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு.
மறுநாளும் தப்பான கதவுக்குத்தான் வண்டியைத் தள்ளினார்.

இதை எந்தச் சொல்லால் எழுத?
முயன்றார் என்று எழுதினால்
அடுத்த கம்பெனியில் அவர் கதை முடிந்தது.
எழுதாவிட்டால்
அவர் முயலவே இல்லை என்றாகிறது.
யாரோ எப்போதோ அந்தச் சொல்லைப் பொய்யிடம்
அடகு வைத்துவிட்டார்கள்.
இன்று உண்மைக்குத் தேவைப்படுகிறது.
மீட்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே அதை விட்டுவிட்டேன்.
அவர் சுட்டுக் கொண்டுவந்த வெண்ணெய்க் கேக்கையும்
விட்டுவிட்டேன், கலகலப்பு என்று வாசித்துவிடுவார்களே.
முடிவில் மட்டும் ஒரு வரி:
“அவர் பிரிவுக்கு வருந்துகிறோம்.”

மேலாளர் ஒஸ்டர்காம்ப் அம்மையார் திருத்தி அனுப்பினார்.
கடைசி வரியின் மேல் கோடு. ஓரத்தில் பச்சை மையில்,
“யார் வருந்துவது?”
நான் என்று சொல்ல அங்கே இடம் கிடையாது;
கடிதத் தலைப்பில் இருப்பது நிறுவனத்தின் பெயர்.
நடுவில், நான் வெறுமையாய் விட்ட இடத்தில்,
அதே பச்சை மை:
எப்போதும் முயன்றார்.

வெள்ளிக்கிழமை வந்தார். நாற்காலியைக் காட்டினேன்,
உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தார்,
அதே உதடு அசைய.
அந்த வரியில் விரல் நின்றது.
நான் ஜன்னலைப் பார்த்தேன்; கிரேன் ஒன்று
எதையும் தூக்காமல் திரும்பிக்கொண்டிருந்தது.

“இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்,” என்றார்.
பிறகு, “அர்த்தம் கிடக்கட்டும்.
நடந்ததும் அதுதானே.”

மடிப்பு விழாமல், அட்டை வைத்த உறையில் போட்டுக் கொடுத்தேன்.
அவர் போகவில்லை.
பையிலிருந்து லாக்கர் சாவியையும் மேலங்கிகளையும்
எடுத்து மேசைமேல் வைத்து,
“இதற்கு ரசீது வேண்டுமே” என்றார்.

ரசீதை யாரும் திருத்துவதில்லை.
அதற்குள் ஒளிந்த பொருளைத் தேடுவோரும் இல்லை.
பேனாவை எடுத்து நிதானமாக எழுதினேன்:

சாவி ஒன்று, எண் நாற்பத்தொன்று.
குளிர்காப்பு மேலங்கி இரண்டு.
துவைத்தது. இஸ்திரி போட்டது.
அறுந்திருந்த பொத்தான், இடது கை,
புதிதாய்த் தைத்தது.